மிஸ்காலும் ரைஹானும்: கோழிக்கோட்டின் குளக்கரையில் ஒரு நாள்



கோழிக்கோட்டுக்குச் செல்வோருக்கு அந்நகரம் இப்போது மூன்று இடங்களாகச் சுருங்கிவிட்டது. மாலையில் கடற்கரை, இரவில் மிட்டாய்த் தெருவின் அல்வாக் கடைகள், மறுநாள் காலையில் வடக்கே காப்பாடு. சென்ற ஷஅபான் மாதத்தில், ஆண்டுத் தேர்வு முடிந்து மத்ரஸாவுக்கு விடுமுறை தொடங்கிய வேளையில், மூத்த வகுப்பு மாணவர்கள் பதினொரு பேருடன் நாம் அங்கு சென்றிருந்தோம். கைப்பேசியைப் பார்த்து அவர்கள் எழுதி வைத்திருந்த பட்டியலிலும் இந்த மூன்றுதான் இருந்தன. நான்காவதாக நாம் ஒன்றைச் சேர்த்தோம்: குற்றிச்சிற.

"அங்கே என்ன இருக்கிறது ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவர் கேட்டார்.

"ஒரு குளம் இருக்கிறது" என்றோம். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது.

முதலில் காப்பாட்டைச் சொல்லிவிடுவோம். அழகிய கடற்கரை, மறுப்பதற்கில்லை. அங்கே ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 1498ஆம் ஆண்டு வாஸ்கோடகாமா வந்திறங்கிய இடம் என்பது அதன் செய்தி. வருவோர் எல்லாரும் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். 'இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர்' என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒருவர் ஒப்பித்தும் காட்டினார்.

அவரிடம் நாம் சொன்னது இதுதான். காமாவின் கப்பல்களிலிருந்து முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவர் காமா அல்லர். உடன் அழைத்து வரப்பட்ட ஒரு தண்டனைக் கைதி. அந்த மனிதர் கரையேறியதும் அவரை எதிர்கொண்டவர்கள் துனிஸ் நாட்டைச் சேர்ந்த இரண்டு முஸ்லிம்கள். அவர்களுக்கு ஸ்பானிய மொழியும் ஜெனோவா மொழியும் தெரிந்திருந்தன. "உன்னை இங்கே கொண்டுவந்தது எந்தச் சைத்தான்?" என்ற பொருளில் அவர்கள் கேட்டதாகப் போர்ச்சுக்கீசியரின் பயணக் குறிப்பே கூறுகிறது. கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஊரில், வந்தவரின் மொழியை அறிந்தவர்கள் முன்பே குடியிருந்தார்கள். பின்னர் சாமூதிரி மன்னருக்கென்று காமா எடுத்து வைத்த காணிக்கைகளைக் கண்டு அரசு அலுவலர்கள் சிரித்துவிட்டார்கள். சில துணிகள், தொப்பிகள், பவளச் சரங்கள், கைகழுவும் பாத்திரங்கள், சர்க்கரை, எண்ணெய், தேன். மக்காவிலிருந்து வரும் மிக ஏழையான வியாபாரியும் இதைவிடக் கூடுதலாகக் கொடுப்பாரே என்றார்களாம்.

இங்கே நம் தரப்புத் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காமாவுக்குக் கடல்வழி காட்டியவர் அரபுக் கடலோடி இப்னு மாஜித் என்று நம் மேடைகளில் பெருமையோடு பேசுவது வழக்கம். நாமும் பேசியிருக்கிறோம். அதற்கான சான்று வலுவானதன்று. வழிகாட்டியவர் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்னும் குறிப்பு போர்ச்சுக்கீசிய நூலில் உண்டு. பெருமைக்காகச் சொல்லப்படும் பிழையும் பிழைதான். அதுவும், அந்த வருகையால் பின்னர் எரிந்தது எதுவென்று தெரிந்த பிறகு, அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்றே தோன்றுகிறது.

எரிந்ததைப் பார்க்கத்தான் குற்றிச்சிற சென்றோம்.

மலையாளத்தில் 'சிற' என்பது நம் தமிழின் 'சிறை'. நீரைச் சிறைப்படுத்திய குளம். நகரத்தின் நெரிசலுக்குள் அகன்ற செவ்வகக் குளம் ஒன்று அமைதியாகக் கிடக்கிறது. கரையில் முதியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் பழைய கோயா குடும்பங்களின் பெரிய வீடுகள். ஓட்டுக் கூரை, நீண்ட திண்ணை. மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. அவருக்கு 'புதியாப்பிள' என்று பெயர். காயல்பட்டினம், கீழக்கரைப் பிள்ளைகள் இருவர் நம்முடன் இருந்தனர். "எங்கள் ஊரைப் போலவே இருக்கிறதே" என்று அவர்கள் வியந்தார்கள். வியப்பதற்கு அதிகம் இல்லை. கணவர் கப்பலேறினால் ஆண்டுக்கணக்கில் வரமாட்டார். பெண் தன் தாயின் வீட்டிலேயே இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. ஒரே கடல் இரண்டு கரைகளுக்கும் ஒரே வழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம்.

குளத்தின் அருகே மிஸ்கால் பள்ளி நிற்கிறது. முதன்முறை காண்பவர் இதைப் பள்ளிவாசல் என்று எண்ணமாட்டார். குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுகிக்கொண்டே செல்லும் நான்கு அடுக்குகள், ஓடு வேய்ந்த சரிந்த கூரைகள், நீலம் பூசிய மரத் தட்டிகள். கேரளத்துத் தச்சர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையில், தங்கள் நாட்டு மழைக்கு ஏற்றபடி அல்லாஹ்வின் இல்லத்தைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வரிசையாக மரத்தூண்கள், நிறைய கதவுகள். எங்கு நின்றாலும் காற்று வருகிறது. ளுஹர் தொழுகைக்குப் பின் நம் மாணவர்களில் மூன்று பேர் ஸஃப்பிலேயே தூங்கிவிட்டார்கள் என்றால் அந்தக் குளிர்ச்சியைப் புரிந்துகொள்ளலாம்.

இதைக் கட்டியவர் நாகூதா மிஸ்கால் என்னும் கப்பல் முதலாளி. யமன் நாட்டவர் என்பது வழிவழிச் செய்தி. மிஸ்கால் என்னும் சொல் நம் மாணவர்களுக்குப் புதிதன்று. தங்கத்தின் ஸகாத்துக்கான நிஸாப் இருபது மிஸ்கால் என்று ஃபிக்ஹுப் பாடத்தில் ஓதுகிறார்கள். அணுவளவு நன்மையையும் தீமையையும் பற்றிப் பேசும் ஸூரத்துஸ் ஸில்ஸாலிலும் அச்சொல் வருகிறது. ஓர் எடையின் பெயரைத் தாங்கிய மனிதர் இவர். 1342ஆம் ஆண்டு வாக்கில் இங்கு வந்த இப்னு பதூதா இவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்: பெருஞ்செல்வர், இந்தியா, சீனா, யமன், பாரசீகம் ஆகிய நாடுகளுடன் வாணிபம் செய்யப் பல கப்பல்கள் வைத்திருந்தவர் என்று.

இப்னு பதூதாவுக்கு இந்தத் துறைமுகத்தில் நேர்ந்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அவர் தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனப் பேரரசருக்குப் பரிசுப் பொருள்களுடன் புறப்பட்டு வந்தவர். அப்போது துறைமுகத்தில் பதின்மூன்று சீனக் கப்பல்கள் நின்றன. காற்று திரும்பும் பருவத்துக்காக மூன்று மாதம் சாமூதிரியின் விருந்தினராகத் தங்கினார். புறப்படும் நேரத்தில் பொருள்களும் ஆட்களும் கப்பலேறிவிட்டனர். அவர் மட்டும் ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார். பிறகு புயல் வந்தது. பரிசுகள் ஏற்றிய பெரிய கப்பல் உடைந்து சிதறியது. அவருடைய உடைமைகள் இருந்த சிறிய கப்பலோ அவரை விட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விட்டது. கரையொதுங்கிய தோழர்களின் உடல்களுக்கு ஜனாஸா தொழுது அடக்கம் செய்தார். அவரிடம் எஞ்சியவை ஒரு விரிப்பும் பத்து தீனாரும். உடனிருந்த ஓர் அடிமைக்கு அவர் விடுதலை அளித்திருந்தார். இந்த நிலையைக் கண்டதும் அவனும் போய்விட்டான்.

அந்தக் காலையில் கடற்கரையில் கண்ட மற்றொரு காட்சியையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். சாமூதிரி மன்னர் இடையில் வெள்ளைத் துணியும் தலையில் சிறு தலைப்பாகையுமாக வெறுங்காலோடு நிற்கிறார். கடல் ஒதுக்கும் பொருள்களை மக்கள் அள்ளிச் சென்றுவிடாதபடி காவலர்கள் அடித்து விரட்டுகிறார்கள். மலபாரின் மற்றத் துறைகளில் உடைந்த கப்பலின் பொருள் அரசனுக்குச் சேரும். இந்த ஊரில் மட்டும் உரியவருக்கே சேரும். அதனாலேயே இங்கே கப்பல்கள் குவிகின்றன என்பது அவர் சொல்லும் காரணம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1442இல், பாரசீகத்து ஷாருக் மன்னரின் தூதராக வந்த அப்துர் ரஸ்ஸாக் ஸமர்கந்தியும் இதையே வேறு வகையில் சொல்கிறார். வணிகர்கள் சரக்கை இறக்கித் தெருவிலே போட்டுவிட்டுப் போகலாம். சுங்க அலுவலர்கள் காவல் காப்பார்கள். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி, விற்காவிட்டால் ஒன்றுமில்லை. நாற்பதில் ஒன்று என்று படித்ததும் நமக்கு ஸகாத்தின் கணக்கு நினைவுக்கு வந்தது. அது தற்செயல்தான்; அதில் பொருள் தேட வேண்டியதில்லை. இங்குள்ள முஸ்லிம்களுக்கு இரண்டு ஜும்ஆப் பள்ளிகளும் ஒரு காழியும் இருப்பதையும், அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபினர் என்பதையும் அவர் குறித்து வைத்துள்ளார்.

இத்தகைய ஊருக்குத்தான் காமா வந்தார். 1502இல் இரண்டாம் முறை வந்தபோது, ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பயணிகள் நிறைந்த 'மீரி' என்ற கப்பலைக் கடலிலேயே தீயிட்டு அழித்தார். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தனர். பின்னர் கோழிக்கோட்டின் முன்னே நங்கூரமிட்டு, நகரத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்ற வேண்டும் என்று சாமூதிரியிடம் கேட்டார். சாமூதிரி மறுத்தார். மறுத்ததன் விலையாக அவருடைய நகரம் பீரங்கிக் குண்டுகளைத் தாங்கியது. காப்பாட்டு நினைவுக்கல் 1498ஐ மட்டும் சொல்கிறது. 1502ஐச் சொல்லும் கல்லை அங்கே நாம் காணவில்லை.

அடுத்து நிகழ்ந்ததை மிஸ்கால் பள்ளியின் உள்ளே அமர்ந்து மாணவர்களுக்குச் சொன்னோம். ஹிஜ்ரி 915, ரமலான் பிறை 22, வியாழக்கிழமை. ஆங்கிலக் கணக்கில் 1510 ஜனவரி 3. சாமூதிரி ஊரில் இல்லாத நேரம் பார்த்து அல்புகர்க்கும் கூட்டினோ என்ற தளபதியும் படையோடு இறங்கினார்கள். நோன்பு நோற்றிருந்த ஊர். மிஸ்கால் பள்ளிக்குத் தீ வைத்தார்கள், அரண்மனைக்குள்ளும் புகுந்தார்கள். நாயர் வீரர்கள் திரண்டு வந்து எதிர்த்தபோது கூட்டினோ கொல்லப்பட்டார். அல்புகர்க் காயத்துடன் கப்பலுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். பள்ளியின் முக்ரி — மோதினாரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள் — எழுபதைக் கடந்த பெரியவர். மேல் தளத்து மரங்களில் கருகிய தழும்பு இன்றும் உண்டு என்று கையை உயர்த்திக் காட்டினார். "நீங்கள் ஏன் அதை இழைத்துச் சரிசெய்யவில்லை?" என்று ஒரு மாணவர் கேட்டார். முக்ரி அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மோனே, அது போனால் பிறகு எதைக் காட்டுவது?" என்றார்.

இந்தத் தேதியை நமக்குக் கொடுத்தவர் யார் என்பதை மாணவர்களிடம் கேட்டோம். எவருக்கும் தெரியவில்லை. பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் தமது 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' என்னும் வரலாற்று நூலில் எழுதியது அது. அவர்கள்தாம் 'ஃபத்ஹுல் முஈன்' இயற்றியவர்கள் என்றதும் பதினொரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஃபத்ஹுல் முஈன் அவர்கள் அன்றாடம் ஓதும் ஃபிக்ஹுக் கிதாப். ஒளுவின் ஃபர்ளுகளைக் கற்பித்த அதே எழுதுகோல் இந்தப் பள்ளி எரிந்த நாளையும் எழுதியிருக்கிறது. குற்றம் மாணவர்கள்மேல் இல்லை. நாம் பத்தொன்பது ஆண்டுகளாக அந்தக் கிதாபை நடத்துகிறோம். ஆசிரியரின் பெயரைச் சொல்லி, ரஹ்மத்துல்லாஹி அலைஹி என்று துஆச் செய்துவிட்டு, நேரே தொழுகைப் பாடத்துக்குப் போய்விடுவோம். அவர்கள் எந்த ஊரில், எத்தகைய காலத்தில், எந்தக் கடற்கரையின் பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே எழுதினார்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பள்ளி மீண்டும் எழுந்தது. கோழிக்கோட்டின் தெற்கே, சாலியாற்றின் முகத்துவாரத்தில் உள்ள சாலியத்தில் போர்ச்சுக்கீசியர் 1531இல் ஒரு கோட்டை கட்டினார்கள். அங்கிருந்த பழம்பள்ளியையும் கப்றுகளையும் இடித்து அந்தக் கற்களையே கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். 1571இல் சாமூதிரியின் நாயர் படையும் மரக்காயர்களின் முஸ்லிம் படையும் சேர்ந்து முற்றுகையிட்டுக் கோட்டையைத் தரைமட்டமாக்கின. அதிலிருந்து வந்த மரங்கள் மிஸ்கால் பள்ளியைச் செப்பனிடவும் பயன்பட்டன என்று ஊரார் சொல்கிறார்கள். அந்த வெற்றியைப் பாடிய கோழிக்கோட்டுக் காழி முஹம்மது (ரஹ்) அவர்கள் தமது அரபுக் காவியத்துக்கு இட்ட பெயர், 'முஸ்லிம்களை நேசிக்கும் சாமூதிரிக்குக் கிடைத்த தெளிவான வெற்றி' என்று பொருள்படும். ஒரு காழி, முஸ்லிமல்லாத ஓர் அரசரைத் தம் நூலின் தலைப்பிலேயே வைத்துப் போற்றியிருக்கிறார். 1607இல் அரபு மலையாளத்தில் முஹ்யித்தீன் மாலையை இயற்றியவரும் அவர்தாம்.

எல்லாம் இனிமையாகவே முடிந்தது என்று சொல்ல மாட்டோம். நான்காம் குஞ்ஞாலி மரக்காயருக்கும் சாமூதிரிக்கும் பகை மூண்டது. 1600இல் சாமூதிரியே போர்ச்சுக்கீசியருடன் சேர்ந்து குஞ்ஞாலியின் கோட்டையை வீழ்த்தினார். சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்ச்சுக்கீசியர் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றார்கள். நட்பும் அரசியல்தான், பகையும் அரசியல்தான் என்பார் உண்டு. இருக்கலாம். ஆயினும் 1502இல் 'அவர்களை வெளியேற்று' என்று கேட்கப்பட்டபோது 'முடியாது' என்று சொன்ன வாயை அந்தப் பிற்காலப் பகை அழித்துவிடவில்லை.

அஸருக்குப் பிறகு முச்சுந்திப் பள்ளிக்கு நடந்தோம். அதே பகுதிதான், சில தெருக்கள் கடந்தால் போதும். மிஸ்கால் பள்ளியைவிடச் சிறியது, பழமையானது. சுற்றுலாக்காரர்கள் இங்கே ஏறக்குறைய வருவதே இல்லை. உண்மையைச் சொன்னால், நாம் கோழிக்கோட்டுக்கு வந்ததே இதற்காகத்தான்.

இப்பள்ளியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கணிப்பு. மேற்பகுதி அரபு, கீழ்ப்பகுதி வட்டெழுத்தில் அமைந்த பழைய மலையாளம். வட்டெழுத்து நமக்கும் அன்னியமன்று; ஒரு காலத்தில் பாண்டிய நாட்டில் தமிழ் எழுதப்பட்டதும் அதில்தான். வரலாற்றாய்வாளர் எம்.ஜி.எஸ். நாராயணன் இக்கல்வெட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

அரபுப் பகுதி சொல்வது: மர்ஹூம் மஸ்ஊது என்பவரின் விடுதலை பெற்ற அடிமையான ஷிஹாபுத்தீன் ரைஹான், தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி இப்பள்ளியை எழுப்பி, அது தொடர்ந்து நடப்பதற்கான ஏற்பாட்டையும் செய்தார். மலையாளப் பகுதி சொல்வது: பூந்துறக்கோன் — சாமூதிரியின் பட்டப்பெயர் — இப்பள்ளியின் அன்றாடச் செலவுக்கு அரிசி அளித்தார்.

ஒரே கல்லில் ஓர் அடிமையும் ஓர் அரசரும். அதிலும் அடிமையின் பெயர் மேலே இருக்கிறது.

ரைஹான் என்றால் நறுமணச் செடி. அக்காலத்தில் அடிமைகளுக்கு ரைஹான், காஃபூர், அன்பர், யாகூத் என்று வாசனைப் பொருள்களின் பெயரும் மணிக்கற்களின் பெயரும் இடுவது வழக்கம். வாங்கியவர் இட்ட பெயர். தாய் தந்தையர் இட்ட பெயர் என்னவென்று கல் சொல்லவில்லை. எந்த நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டார், எத்தனை வயதில் விற்கப்பட்டார் என்பதும் இல்லை. விடுதலை பெற்ற பிறகு அவர் உழைத்துச் சேர்த்ததில் ஒரு பள்ளி எழுந்திருக்கிறது. மாணவர்களிடம் நாம் ஒன்று கேட்டோம்: இப்னு பதூதாவின் விடுதலை பெற்ற அடிமை அவரை விட்டுப் போனதைக் கேட்டபோது உங்களுக்கு என்ன தோன்றியது? "நன்றி கெட்டவன் என்று தோன்றியது" என்றார் ஒருவர். நமக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் தோன்றியது. இந்தக் கல்லின் முன் நின்றபோது அந்த எண்ணம் மாறியது. விடுதலை அளிக்கப்பட்டவன் போய்விடுவதுதானே விடுதலை? அவன் எங்கே போனான், என்ன செய்தான் என்று இப்னு பதூதாவுக்குத் தெரியாது. அவனும் எங்கோ ஓர் ஊரில் ஒரு கிணறாவது வெட்டியிருக்கக் கூடும்.

முச்சுந்திப் பள்ளியின் கல்வெட்டு எப்படிப் பிழைத்தது என்பதுதான் அன்றிரவு முழுவதும் நம் மனத்தில் ஓடியது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் மழையும் உப்புக்காற்றும். எத்தனை முறை கூரை மாற்றியிருப்பார்கள், எத்தனை முறை சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் 'அந்தக் கல்லைத் தொடாதே' என்று சொல்லியிருக்க வேண்டும். அரபு தெரியாத கொத்தனாராக இருக்கலாம். வட்டெழுத்து படிக்கத் தெரியாத முத்தவல்லியாக இருக்கலாம். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நமதூரில் அப்படிச் சொல்ல ஒருவர் இருந்தார். நாம்தான் அவருக்குச் செவிகொடுக்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன் நமதூரின் பழைய பள்ளியை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு வந்தது. கருங்கல் தூண்கள், தூண்களின்மேல் வாழைப்பூ வடிவில் தொங்கும் போதிகைகள், தாழ்ந்த கூரை. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியைக் கண்டவர்களுக்கு அந்த அமைப்பு புரியும். மக்கள் பெருகிவிட்டார்கள், ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை, அது உண்மையான தேவை. ஆனால் பக்கத்தில் வக்ஃபு நிலமும் இருந்தது. இடிப்பதா, சேர்த்துக் கட்டுவதா என்று ஜமாஅத் கூட்டத்தில் கேட்டபோது, மத்ரஸாவில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியராக இருந்த நாமும் இடிப்பதற்குக் கை தூக்கினோம். தூண்கள் கோயில் தூண்களைப் போல இருக்கின்றன, மினாராவும் குவிமாடமும் இருந்தால்தான் பள்ளிக்கு அழகு என்று எழுந்து பேசவும் செய்தோம். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சகோதரர்கள் கைப்பேசியில் துபாய்ப் பள்ளிகளின் படத்தைக் காட்டினார்கள். வயது முதிர்ந்த மோதினார் ஒருவர் மட்டும், "வாசல்படிக்கு மேலே உள்ள எழுத்தையாவது பெயர்த்து வையுங்கள், என் வாப்பாவும் அதைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தார்கள்" என்றார். சுண்ணாம்புக்கு அடியில் பாதி மறைந்திருந்த எழுத்து அது. எவரும் அதைப் படித்ததில்லை. "எழுத்தில் பரக்கத் இல்லை மோதினாரே, தொழுகையில்தான் பரக்கத்" என்று நாம் பதில் சொன்னோம். கூட்டம் அதை ரசித்தது. அவர் அதன்பின் பேசவில்லை.

புதிய பள்ளி பெரியது, அல்ஹம்துலில்லாஹ், ஸஃப்கள் நிறைகின்றன. கோடையில் மின்சாரம் போனால் ஐந்து நிமிடம் உட்கார முடியாது என்பது வேறு செய்தி. தூண்கள் லாரியில் ஏறிப் போயின. எழுத்து இருந்த கல் என்னவாயிற்று என்று நாம் விசாரித்தபோது, அஸ்திவாரத்தில் போட்டிருப்பார்கள் என்றார் அப்போதைய மேஸ்திரி. நமதூர்ப் பள்ளியை முதலில் கட்டியவரும் ஒரு நாகூதாவாக இருக்கலாம். ரைஹானைப் போன்ற ஒருவராகவும் இருக்கலாம். அரிசி கொடுத்த ஓர் அரசரின் பெயரும் அதில் இருந்திருக்கலாம். மிஸ்கால் பள்ளியின் மேல் தளம் பகைவர் வைத்த தீயில் கருகியது. அவ்வூர் மக்கள் தழும்போடு அதைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நமதூரில் தீ வைக்க யாரும் வரவில்லை.

மோதினார் மர்ஹூமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கோழிக்கோட்டிலிருந்து திரும்பிய மறுநாள் அவருடைய மகனைச் சந்தித்து அன்று பேசிய பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டோம். "வாப்பா வீட்டில் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை ஹஜ்ரத்" என்றார் அவர்.

குற்றிச்சிறக்குச் செல்ல விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. தொழுகை நேரம் பார்த்துச் சென்றால் முக்ரி இருப்பார். அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள். மேல் தளங்களுக்கு ஏறக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பெண்களும் மற்றச் சமயத்தவரும் எதுவரை வரலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. குளக்கரைப் பெரியவர்களுக்கு ஸலாம் சொன்னால் அவர்களே பேச்சைத் தொடங்குவார்கள். நம் பிள்ளைகள் அல்வாவும் வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை, நன்றாகவே இருந்தது.

இப்போது மாணவர்களோடு நமதூரில் வீடு வீடாகச் சென்று பழைய பள்ளியின் நிழற்படங்களைக் கேட்டு வருகிறோம். இதுவரை கிடைத்தவை ஏழு. ஏழும் நிக்காஹ் படங்கள். மாப்பிள்ளையின் பின்னால் தூண் தெரிகிறது. ஒன்றில் வாசல்படியும் அதன்மேல் அந்தக் கல்லும் தெரிகின்றன. குறுக்கே கட்டிய சீரியல் விளக்குச் சரம் எழுத்தின் பாதியை மறைக்கிறது. அந்த வாசலில் வேறு எவரேனும் படம் எடுத்து வைத்திருந்தால், பெட்டியின் அடியில் கிடந்தாலும் பரவாயில்லை, தேடிக் கொண்டுவந்து தாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.